மேலிருந்து கீழே: மீட்பின் கதை சொல்லும் கிறிஸ்துமஸ் குடில் அமைப்பது எப்படி?

டிசம்பர் பிறந்ததும் ஆலயப் பங்கு இளைஞர்கள் குடில் வேலையில் இறங்கிவிடுவார்கள். மோட்டார் வைத்த அருவி, வட்டமடிக்கும் ரயில், தெர்மாகோல் பனி, நிறம் மாறும் சீரியல் விளக்கு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். பார்க்க வருகிறவர் ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு, "குழந்தை எங்கப்பா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் அத்தனை உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

மனிதன் விழுந்தான். தானாக ஏறி வர அவனால் முடியவில்லை. அவன்மேல் வைத்த அன்பினால் கடவுளே இறங்கி வந்தார். கிறிஸ்துமஸ் சொல்லும் கதை இதுதான். அதனால் குடிலும் மேலே தொடங்கிக் கீழே முடிய வேண்டும். குழந்தை இயேசுவைக் கிடத்தும் தொட்டி, அமைப்பு முழுவதிலும் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறோம். மலை கட்டி, உச்சியில் குகை வைத்து, அதற்குப் படிக்கட்டும் போடுகிறோம். மலைமேல் கோயில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அழகுதான். ஆனால் இந்தக் கதையில் ஏறிப் போகிறவர் யாரும் இல்லை.

குடிலின் தொடக்கமே எளிமையானது. 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்ததில் சுரூபம், அதாவது சிலை, எதுவும் கிடையாது. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எதை வைப்பது, எதை விடுவது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் அந்த நான்கு பொருளை நினைத்துக்கொண்டால் போதும்.

கீழே உள்ள அளவுகள் 9 அங்குலச் சுரூபங்களுக்கான வீட்டுக் குடிலுக்கு. ஆலயத்தில் ஆள் உயரச் சுரூபம் என்றால் அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு

எல்லாவற்றையும் 23-ஆம் தேதி இரவு செய்ய நினைப்பதுதான் முதல் தவறு. இந்தக் குடிலில் இரண்டு உயிருள்ள பொருள்கள் உண்டு. அவை உங்கள் அவசரத்துக்கு வளராது.

நவம்பர் நடுவில் முருங்கைப் போத்தை நட்டுவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்று அடித்தளமும் மலையும். டிசம்பர் 14 அல்லது 15-இல் தானியம் விதைப்பு. 20-க்குள் கொட்டகையும் விளக்கும். 23-இல் மற்றச் சுரூபங்கள். 24 இரவு குழந்தை. குழந்தையைத் தேடி வந்த ஞானிகளுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, பின்னால் சொல்கிறோம்.

அடித்தளமும் மலையும்

4 அடி அகலம், 3 அடி ஆழம் உள்ள ஒரு மூலை போதும். மூன்று மட்டங்கள்: பின்னால் தரையிலிருந்து இரண்டரை அடி, நடுவில் ஒன்றரை அடி, முன்னால் அரை அடி. பின்மட்டத்துக்குப் பழைய பெஞ்ச், நடுவுக்கு முக்காலி, முன்மட்டத்துக்கு இரண்டு வரிசைச் செங்கல்லின் மேல் ஒரு பலகை. அட்டைப்பெட்டிகளை அடுக்கியும் செய்யலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் அட்டை நமுத்து, பத்தாம் நாள் மலை சரியும். எடை தாங்கும் இடங்களில் மரமோ செங்கல்லோ இருக்கட்டும்.

முன்மட்டம் அரை அடிதான் என்பதைப் பார்த்துப் பலர் தயங்குவார்கள். குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் பெரியவர்கள் குனிய வேண்டும் அல்லது முழந்தாள்படியிட வேண்டும். அதற்காகவேதான் அந்த உயரம். நான்கு வயதுக் குழந்தைக்கோ தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பெத்லகேமில் பிறப்பிட ஆலயத்தின் வாசல் சுமார் 4 அடி உயரம்தான். எவ்வளவு பெரிய மனிதரும் தலை தாழ்த்தித்தான் உள்ளே போக முடியும். ஆலயக் குடிலுக்குள் ஆள் நுழைந்து பார்ப்பதாக அமைத்தால் அதே உயரத்தில் வாசல் வையுங்கள். விட்டத்தில் பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள், நெற்றி தப்பும். முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் பார்க்கப் பக்கவாட்டில் ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும்.

மலைக்குச் செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும். ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். ஐந்து நிமிடத்தில் பசை கண்ணாடிபோலப் பளபளக்கும். கசக்கிய தாள்களைப் பெஞ்சின் மேல் குவித்து, பசையில் தோய்த்த தாள்களை அதன்மேல் போர்த்துங்கள். மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மழைநாளில் ஒரு அடுக்குக்கு இரண்டு நாள் பிடிக்கும். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடித்து, கிறிஸ்துமஸ் அன்று வீடு முழுக்க நாறும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் வேலைக்கு வேண்டாம். கடைசி அடுக்கின் மேல் செம்மண்ணையும் கொஞ்சம் அடுப்புக்கரித் தூளையும் பசையில் குழைத்துப் பூசினால், கடையில் வாங்கும் எந்தப் பாறைத்தாளும் அருகில் நிற்க முடியாது.

மலை காய்ந்ததும் உச்சியிலிருந்து முன்பலகை வரை 3 அங்குல அகலத்தில் ஒரு பாதை போடுங்கள். வளைந்து வரலாம், ஆனால் எங்கும் அறுபடக் கூடாது. ஆற்றுமணலைப் பசைமேல் தூவினால் நிற்கும். இந்தப் பாதைதான் குடிலின் முதுகெலும்பு. பாதையில் நான்கு நிறுத்தங்கள், முடிவில் தொட்டி. நான்குக்கு மேல் வேண்டாம். நோவாவின் பேழை, பாபேல் கோபுரம், தாவீதின் கவண் என்று சேர்க்கத் தொடங்கினால் வேதாகமக் கண்காட்சி ஆகிவிடும்.

முதல் நிறுத்தம்: ஆளில்லாத தோட்டம்

உச்சியில் ஏதேன், ஆதாமும் ஏவாளும் இருந்த தோட்டம். ஒன்றேகால் அடி உயரத்தில் கிளை பிரிந்த ஒரு கொப்பு. கொய்யாக் கொப்பு மூன்று நாளில் வாடும், குரோட்டன்ஸ் தாங்கும். எதுவானாலும் தண்ணீர் ஊற்றிய சின்னப் புட்டியில் செருகி, புட்டியை மலைக்குள் மறைத்துவிடுங்கள். அதில் ஒரே ஒரு மாதுளம்பிஞ்சைத் தொங்கவிடலாம். தின்னக் கூடாதென்ற அந்தப் பழம் ஆப்பிள் என்று வேதாகமத்தின் முதல் நூலான தொடக்கநூலில் எங்கும் இல்லை.

ஆதாம், ஏவாள் பொம்மை வைக்காதீர்கள். தோட்டம் காலியாக இருப்பதுதான் செய்தி. மரத்தடியில் ஓர் அஞ்சலட்டை அளவுப் பலகையில் ஒரே வரி: "நீ எங்கே இருக்கிறாய்?" கட்டளை மீறப்பட்ட பிறகு கடவுள் வாயிலிருந்து வந்த முதல் சொல் இது. தண்டனையைச் சொல்வதற்கு முன்னால் அவர் தேடுகிறார். மீட்புக் கதை இங்கேயே தொடங்கிவிடுகிறது. பெத்லகேம் இந்தத் தேடலின் தொடர்ச்சி.

டிசம்பர் 24-ஐ ஆதாம் ஏவாள் நாளாகக் கொண்டாடிய மரபு ஐரோப்பாவில் உண்டு. ஜெர்மானிய நாடுகளில் அன்று நடித்த நாடகத்தில் பழம் கட்டிய ஒரு மரம் நிற்கும். இன்றைய கிறிஸ்துமஸ் மரத்தின் வேர்களில் அதுவும் ஒன்று. ஆகவே கிறிஸ்துமஸ் குடிலில் ஏதேனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் பதில் இருக்கிறது.

இரண்டாம் நிறுத்தம்: எரியும் முட்செடி

காய்ந்த கருவேல முள் அல்லது இலந்தை முள், அரை அடி. அதன் அடியில் 5 வோல்ட் ஆரஞ்சு எல்இடி ஒன்று. பலகையில் ஒரு சொல்: "இறங்கினேன்." விடுதலைப்பயண நூலில் கடவுள் மோசேயிடம் பேசுவது இது. மக்களின் துன்பத்தைப் பார்த்தேன், கூக்குரலைக் கேட்டேன், விடுவிக்க இறங்கினேன் என்கிறார். பார்த்தார், கேட்டார், இறங்கினார் என்ற இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கிறிஸ்துமஸில் இதே மூன்றும் திரும்ப வருகின்றன.

முள்ளைச் சிவப்பு ஜிகினாத் தாளில் சுற்றி நெருப்பாக்க வேண்டாம். முள் முள்ளாகவே தெரியட்டும். எரிந்தும் கருகாத செடி அது.

மூன்றாம் நிறுத்தம்: துளிர்விட்ட அடிமரம்

குடிலிலேயே இதுதான் பொறுமையைச் சோதிக்கும். "ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும்" என்கிறார் இறைவாக்கினர் ஏசாயா. ஈசாய், தாவீது அரசரின் தந்தை. தாவீதின் அரச குலம் வெட்டுண்டு போன மரமாகக் கிடக்க, அதிலிருந்து ஒருவர் வருவார் என்ற வாக்கு. வெட்டிய கட்டையில் பிளாஸ்டிக் இலையை ஒட்டினால் ஒன்றும் விளங்காது. உண்மையிலேயே துளிர்க்க வேண்டும்.

கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான, ஓர் அடி நீள முருங்கைப் போத்து வெட்டுங்கள். மேல்முனை தட்டையாக, வெட்டுப்பட்டது தெரியும்படி இருக்கட்டும். அடிமுனையை இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, மணல் பாதி, மண் பாதி கலந்த சிறு தொட்டியில் 4 அங்குலம் ஊன்றுங்கள். தலைகீழாக நட்டுவிடாதீர்கள், வெட்டும்போதே அடிமுனையில் கரிக்கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. தண்ணீர் தேங்கினால் அழுகும், மழையில் வைக்காதீர்கள். விரலால் மண்ணைத் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு கைத் தண்ணீர். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பக்கத்தில் பச்சைக் கண் விடும். குளிர் அதிகமுள்ள ஊர்களில் தாமதமாகும். ஒன்று பட்டுப்போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று மூன்று போத்து நட்டுவையுங்கள். மூன்றும் துளிர்க்கவில்லையா? வெறும் கட்டையையே வையுங்கள். இருநூறு ஆண்டு, முந்நூறு ஆண்டு காத்திருந்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நான்காம் நிறுத்தம்: ஆட்டுக்கிடை

இடையர்களைக் கொட்டகைக்குள் நெருக்கி நிறுத்துவது வழக்கம். 24 இரவு வரை அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. லூக்கா நற்செய்தி சொல்வது வயல்வெளியில் தங்கி இரவில் மந்தையைக் காத்தவர்களை. நம் ஊரில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்களே, அதே வேலை. அதனால் நடுமட்டத்தில் ஒரு கிடை அமையுங்கள். ஈர்க்குச்சிகளை 3 அங்குலமாக நறுக்கி, நூலால் பின்னி வட்டமாக நிறுத்தினால் பட்டி. உள்ளே ஆடுகள், வெளியே கம்பளி போர்த்திய காவல்காரர் ஒருவர், நாய் ஒன்று.

செய்தி முதலில் போனது அரண்மனைக்கல்ல, தூக்கம் கெட்ட இந்தக் கிடைக்காரர்களுக்கு. வானதூதரை அவர்கள் தலைக்கு மேலே, மெல்லிய நைலான் நூலில் தொங்கவிடுங்கள். கொட்டகைக் கூரையில் ஆணியடித்து மாட்டப்படும் வானதூதர் யாரிடம் பேசுகிறார் என்றே தெரியாது.

கிடையைச் சுற்றிப் பச்சை வேண்டும். மலைப்பாசியைப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். அது வளர ஆண்டுக்கணக்காகும். முளைப்பாரி போடத் தெரிந்த ஊருக்குப் பாசி எதற்கு? ஒரு சதுர அடித் தட்டுக்கு 100 முதல் 150 கிராம் கோதுமை. பன்னிரண்டு மணிநேரம் ஊறவைத்து, ஓர் அங்குல மண்ணில் நெருக்கமாகப் பரப்பி, மெல்லிசாக மண் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளை கண்டதும் துணியை எடுத்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். முளைப்பாரிக்குச் செய்வதுபோல இருட்டிலேயே வைத்தால் வெளிர்மஞ்சளாக வரும்; வயல் பச்சையாகத்தான் இருக்க வேண்டும். 14-ஆம் தேதி விதைத்தால் 24-க்குள் நான்கு விரல் உயரம். கேழ்வரகு போட்டால் குட்டையாக, அடர்த்தியாக வரும்; ஆடு மேயும் புல்லுக்கு அதுவே பொருத்தம். விதைக்கு முன் பத்து மணியை ஈரத்துணியில் முடிந்துவைத்துப் பாருங்கள். ஏழுக்குக் கீழே முளைத்தால் வேறு தானியம் வாங்குங்கள்.

கொட்டகையும் தொட்டியும்

கொட்டகை 22 அங்குல அகலம், 16 அங்குல உயரம், 12 அங்குல ஆழம். நிற்கும் சுரூபத்தின் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கூரை இருந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். மூங்கில் சிம்பில் சட்டம், பனையோலையோ வைக்கோலோ வேய்ந்த கூரை. வைக்கோலை நாலு நாள் வெயிலில் காயவைத்து உதறுங்கள். நெல்மணி தங்கியிருந்தால் எலி வரும். எலி வந்தால் முதலில் போவது சூசையப்பரின் தாடிதான்.

மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. அவை ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தவை: "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்." மனிதர் அறியாததை இவை அறிந்தன என்பது வசனத்தின் குத்தல். அதனால் இரண்டும் வெளியே பார்த்து நிற்கக் கூடாது. முகம் தொட்டியை நோக்கட்டும்.

இனி தொட்டி. எத்தனை நேரம் செலவானாலும் இங்கே செலவழிக்கலாம். பழைய தமிழ் வேதாகமத்தில் "முன்னணை", பொது மொழிபெயர்ப்பில் "தீவனத் தொட்டி". கால் குறுக்காக வைத்த மரத்தொட்டில் படங்களில் பார்த்தது. பெத்லகேம் பக்கத்தில் கல்லைக் குடைந்த தொட்டிகள் உண்டு. களிமண்ணில் 6 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குல உயரத்துக்கு ஒரு கட்டி பிடித்து, விளிம்பு அரை அங்குலம் விட்டுக் கரண்டியால் குடையுங்கள். நிழலில் ஒரு வாரம் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மாடு தின்னும் தொட்டியின் விளிம்பு அப்படித்தான் தேய்ந்திருக்கும். பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்பத்தின் வீடு. அந்த ஊரில், தின்னும் தொட்டியில், பின்னாளில் "நானே ஜீவ அப்பம்" என்று சொல்லப்போகிறவர் படுத்திருக்கிறார். இதை விளக்க நீண்ட பிரசங்கம் தேவையில்லை, தொட்டி தொட்டியாகத் தெரிந்தால் போதும். ஜரிகை, பட்டுமெத்தை, பூத்தொட்டில் எதையும் உள்ளே விடாதீர்கள்.

குழந்தைச் சுரூபம் பெரும்பாலும் கை விரித்து, துணியில்லாமல்தான் கடையில் கிடைக்கும். இடையர்களுக்குச் சொன்ன அடையாளம் இரண்டு: சுற்றிய துணி, தொட்டி. பழைய வேட்டியிலிருந்து ஓர் அங்குல அகலம், ஒன்றரை அடி நீளத்துக்குக் கிழித்து, மார்பிலிருந்து பாதம் வரை சுற்றுங்கள். கீழைச் சபைகளின் திருவோவியங்களில் தொட்டியைக் கல்லறைப் பெட்டிபோலவும் துணியைப் பிணச்சீலைபோலவும் வரைவார்கள். எதற்காக வந்தார் என்பதைப் பிறந்த இடத்திலேயே காட்டிவிடுகிற கை அது.

வைக்கோலுக்கு அடியில் ஒரு சீட்டு

திருவருகைக்காலத்தில் ஒரு நல்ல செயலுக்கு ஒரு வைக்கோல் என்று தொட்டியை நிரப்பும் வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மீட்பின் கதைக்கு அது அவ்வளவு ஒத்துவரவில்லை என்பதே எங்கள் எண்ணம். நாம் நல்லபடி நடந்து சேர்த்த கூலிக்கு அவர் வந்ததுபோல ஆகிவிடுகிறது.

மாற்றிச் செய்து பாருங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தன்னால் வெளியே வர முடியாத ஒன்றை விரல் நீளச் சீட்டில் எழுதி நாலாக மடிக்கட்டும். கடனாக இருக்கலாம், குடியாக இருக்கலாம், பேசாமல் போன அண்ணனாக இருக்கலாம், கணக்குப் பாடமாகவும் இருக்கலாம். பெயர் வேண்டாம். ஒருவர் சீட்டை மற்றவர் பிரிக்கக் கூடாது. தொட்டியின் அடியில் போட்டு, மேலே வைக்கோல் பரப்பிவிடுங்கள். 24 இரவு குழந்தையை அதன்மேல்தான் கிடத்துகிறோம். குடிலைப் பிரிக்கும் நாளில் சீட்டுகளைப் பிரிக்காமலே எரித்துவிடலாம்.

கிடத்துவது வீட்டின் கடைக்குட்டி. அதற்கு முன் தொட்டி காலியாகவே இருக்க வேண்டும். எடுத்துவைத்த குழந்தைச் சுரூபத்தை இரவு பதினொரு மணிக்கு அலமாரி அலமாரியாகத் தேடும் வீடுகள் எல்லாப் பங்கிலும் உண்டு. ஒரு துணிப்பையில் போட்டு, முன்பலகையின் அடிப்பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

விளக்கு

மேலே மங்கலாக, கீழே வெளிச்சமாக. உச்சித் தோட்டத்துக்கு ஒரு சிறு நீல விளக்கு. தொட்டிக்குள், வைக்கோலின் ஓரத்தில், பவர் பேங்கில் எரியும் 5 வோல்ட் மஞ்சள் எல்இடி. வெளிச்சம் குழந்தையிடமிருந்து எழுந்து மரியாவின் முகத்தில் கீழிருந்து படும்போது, மற்ற எந்த விளக்கும் தேவைப்படாது. விட்டுவிட்டு எரியும் சீரியல் செட்டைக் கூரையில் சுற்றாதீர்கள். கண் அங்கேயே நின்றுவிடும். ஆசை விடாவிட்டால் வாசல் நட்சத்திரத்தில் சுற்றுங்கள்.

வைக்கோலும் பனையோலையும் பஞ்சும் உள்ள இடத்தில் மெழுகுவர்த்தி, அகல், குண்டு பல்பு எதுவும் கூடாது. குண்டு பல்பின் சூடே வைக்கோலைக் கருக்கிவிடும். 230 வோல்ட் ஒயரை மலைக்கு அடியில், தானியத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தினமும் அங்கே தண்ணீர் தெளிக்கிறீர்கள். தூங்கப் போகுமுன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ஞானிகளின் பயணம்

மத்தேயு நற்செய்தி எத்தனை ஞானிகள் என்று சொல்லவில்லை. மூன்று காணிக்கையை வைத்து மூன்று பேர் ஆக்கினோம். அவர்கள் வந்து சேர்ந்தது "வீட்டுக்கு". பிறந்த இரவிலும் அல்ல. ஆகவே 25-ஆம் தேதி அவர்களை வீட்டின் மறுகோடியில், ஜன்னல் திட்டில் நிறுத்துங்கள். நாளுக்கு ஓரிடம்: டிவி மேசை, பிரிட்ஜ் மேல், மாடிப்படி. மூன்று ராசாக்கள் திருநாளான ஜனவரி 6-இல் அல்லது அதையொட்டிய ஞாயிறில் தொட்டிக்கு வந்து சேரட்டும். நகர்த்தும் உரிமைக்குப் பிள்ளைகளிடையே சண்டை வரும், முறை வைத்துவிடுங்கள்.

காணிக்கையில் பொன்னைத் தவிர மற்ற இரண்டும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் பத்துப் பத்து கிராம் வாங்கி, சிறு கிண்ணங்களில் வையுங்கள். பிள்ளைகள் முகர்ந்து பார்க்கட்டும். வாயில் போட மட்டும் விடாதீர்கள். போளத்தை நாக்கில் வைத்துப் பார்க்க நேர்ந்தவர்களுக்கு அதன் கசப்பு மறக்காது. இயேசுவின் உடலை அடக்கம் செய்தபோது கொண்டுவந்த நறுமணப் பொருளிலும் வெள்ளைப்போளம் இருந்தது என்கிறார் யோவான்.

நடுவில் டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது மன்னன் கொன்ற பிள்ளைகளின் நினைவு. அன்று ஓர் இரவு தொட்டி விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவையுங்கள். மீட்க வந்தவரே கைக்குழந்தையாக எகிப்துக்குத் தப்பி ஓட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாத குடில், கதையில் பாதியைத்தான் சொல்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

ஐந்து நிமிடம் போதும். குடிலுக்குப் பக்கத்தில் பெரிய பிள்ளை ஒருவரை நிறுத்தி, பாதையை விரலால் காட்டியபடி நான்கு நிறுத்தங்களையும் விளக்கச் சொல்லுங்கள். கத்தோலிக்கர் "மீட்பர்" என்றும் சீர்திருத்த சபையினர் "இரட்சகர்" என்றும் சொல்வதன் பொருள் ஒன்றே. இயேசு என்ற பெயருக்கே கர்த்தர் மீட்கிறார் என்பதுதான் அர்த்தம். மத்தேயு முதல் அதிகாரத்தில் வானதூதர் பெயரையும் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்.

மீட்பு என்பது ஆலயத்துக்குள் மட்டும் புழங்கும் சொல் அல்ல. தீயணைப்பு வண்டியில் "தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை" என்று எழுதியிருக்கிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். இரண்டும் விளக்கத்துக்கு உதவும், ஆனால் அளவோடு. பாழுங்கிணற்றில் விழுந்தவனுக்கு மேலே நின்று நீச்சல் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே இறங்க வேண்டும். அவர் மேலும் அந்தச் சேறு படும். இது எல்லோருக்கும் உடனே புரியும். நகை உவமையைக் கொஞ்சம் நீட்டினாலும், "யாரிடம் அடகு வைத்தது? பணம் யாருக்குக் கட்டினார்?" என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். அநேகரை மீட்கும் பொருளாகத் தம் உயிரைக் கொடுக்க வந்ததாக மாற்கு நற்செய்தியில் இயேசு சொல்கிறார். யாரிடம் கொடுத்தார் என்பது அங்கே இல்லை. நகையின் பெறுமதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்: வேண்டாத பொருளை யாரும் வட்டி கட்டி மீட்பதில்லை.

பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள். துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணிக்காதீர்கள், "பாவிகளே" என்று தொடங்காதீர்கள். வானதூதரின் முதல் சொல் "பயப்படாதிருங்கள்". கேட்டதற்குப் பதில் சொல்லி, அச்சுமுறுக்கும் கல்கலும் கொடுத்து அனுப்புங்கள்.

பிரிப்பது

ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாளோடு சிலர் பிரிப்பார்கள். பிப்ரவரி 2 வரை வைத்திருப்பவர்களும் உண்டு. சுரூபங்களை ஈரமில்லாத தூரிகையால் துடைத்து, தனித்தனியே பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டர் சுரூபத்தைச் செய்தித்தாளில் சுற்றினால் மழைக்காலத்தில் அச்சு மை முகத்தில் ஏறும், வைக்கோலில் பொதிந்தால் எலி வரும். குழந்தையின் துணியைத் துவைத்துத் தொட்டியோடு வையுங்கள். கோதுமைப் பயிரும் கேழ்வரகும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ போகட்டும்.

முருங்கைப் போத்து வேர் பிடித்திருந்தால் இழுத்துப் பிடுங்காமல், தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு எடுங்கள். மழை விட்ட தை மாதத்தில், தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்துக் கொல்லையில் நட்டு, ஆடு கடிக்காமல் முள் கட்டிவிடுங்கள்.